ஏலத்தில் வந்த எட்டு சிலிண்டர்

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் யாரும் பொருள் வேண்டும் என்று கேட்பதில்லை. சித்தூர் மிஷன் காம்பவுண்டில் தவழ்கிற குழந்தைக்குக்கூட இது தெரியும். காணிக்கையாக வந்த பூசணிக்காயை மேசைமேல் வைத்து ஏலம் போடுவார்கள். ஒருவர் கேட்பார். அவர்மேல் ஏதாவது மனக்குறை உள்ள மைத்துனர் அதற்கு மேல் கேட்பார். முதலாமவர் விடுவாரா? மீசையைத் தடவிக்கொண்டு இன்னும் மேலே போவார். சந்தையில் நாலு காய் வாங்குகிற விலைக்கு ஒரு காய் போகும். சபைக் கோயிலுக்கு ஓடு மாற்ற வழி பிறக்கும், உறவுக்காரர்களின் மனக்கசப்பும் கொஞ்சம் கரையும். இதில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. முதலில் கேட்டவர்தான் கடைசியிலும் வாங்க வேண்டும். நடுவில் புகுந்தவர் விலையை ஏற்றிவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்துவிடுவார்.

இந்தச் சட்டத்தை நம்பித்தான் 1967-ம் வருடம் எர்னஸ்ட் கையைத் தூக்கினான்.

மேசைமேல் அன்றைக்கு இருந்தது பூசணிக்காய் இல்லை, ஒரு சாவி. அமெரிக்காவுக்கே திரும்பிப் போய்விட்ட துரை விட்டுச் சென்ற ஃபோர்டு வி-எயிட் காருடைய சாவி. துரை போனதிலிருந்து கார் ஷெட்டிலேயே நின்றது. பின்சீட்டில் கோழிகள் குடியேறிப் பல தலைமுறை கண்டுவிட்டன. சபைக் கமிட்டி அதை யார் தலையிலாவது கட்டிவிட வழி தேடிக்கொண்டிருந்தது. கமிட்டிச் செயலாளர் என்ற மரியாதைக்காக ஜெபதாஸ் முதல் விலை கேட்டு ஏலத்தைத் தொடங்கி வைத்தார். அவர் மிஷன் பள்ளித் தலைமையாசிரியர், பாடகர் குழுவுக்கும் தலைவர், எல்லாவற்றுக்கும் மேல் எர்னஸ்டின் மனைவி தபீதாளுக்கு அண்ணன். மச்சானை வம்புக்கு இழுக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? எர்னஸ்ட் ஏற்றினான். அவர் ஏற்றினார். இவன் மறுபடியும் ஏற்றிவிட்டு, ஜெபதாஸ் எப்படியும் வாங்கித் தொலைப்பார் என்று பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துக் கண்ணடித்தான். ஜெபதாஸ் வாயைத் திறக்கப் போன நேரத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி ஞானசௌந்தரி ஒரு பார்வை பார்த்தாள். அவர் திறந்த வாயை மூடிக்கொண்டு கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்தார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் ஆயிற்று. எர்னஸ்டின் கை இன்னும் மேலேயே இருந்தது.

வேறு யாராவது இருந்தால் அசடு வழிய ஒரு சிரிப்புச் சிரித்து, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். எர்னஸ்டுக்கு அந்தக் குணம் வாய்க்கவில்லை. அவன் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் ஃபிட்டர். கைவேலை நன்றாகத்தான் இருக்கும், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கைக்குத் தெரிந்ததைவிட வாய்க்கு அதிகம் தெரியும். செய்த தப்பைத் தப்பு என்று ஒப்புக்கொள்வதற்குப் பதில், அந்தத் தப்பைத் தான் ஆறு மாதமாகத் திட்டமிட்டுச் செய்ததாக ஊரை நம்ப வைப்பான். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள்ளேயே திட்டம் தயாராகிவிட்டது. வண்டியை டாக்சியாக ஓட்டப் போகிறானாம். சித்தூரிலிருந்து திருப்பதி, அங்கிருந்து மலைமேல் வரைக்கும். பஸ்ஸில் இடிபட்டுப் போகிற ஜனங்களெல்லாம் இனி எட்டு சிலிண்டர் காரில் சாய்ந்துகொண்டு பெருமாளைப் பார்க்கப் போவார்கள். ஒரு கிறிஸ்தவன் பெருமாளுக்கு இவ்வளவு பெரிய உபகாரம் செய்வதைப் பற்றிப் பாஸ்டருக்கு இரண்டு மனது இருந்தது. எர்னஸ்டுக்கு ஒரே மனதுதான்.

அடுத்த வாரமே பஸ் கம்பெனி வேலையை விட்டான். சும்மா விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஷெட்டில் அத்தனை பேரும் டீ குடிக்கிற நேரம் பார்த்து, மேஸ்திரி நாகபூஷணத்தின் முன்னால் போய் நின்று ஒரு பிரசங்கமே செய்தான். பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து படுக்க இனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும், தான் மேலே உட்கார்ந்து போகிற ஜாதி என்றான். நாகபூஷணம் தெலுங்குக்காரர், அந்த ஷெட்டுக்கு அவர்தான் சட்டம். எர்னஸ்டுக்கு ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான், கற்றுக்கொடுக்கும்போது அதே ஸ்பானரால் முட்டியில் தட்டியவரும் அவர்தான். பஸ் கம்பெனிக்கு வருவதற்கு முன்பு மிஷன் மோட்டார் ஷெட்டில் துரையிடம் வேலை பார்த்தவர். அவர் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்:

"ஏமிரா எர்னஸ்ட், அந்த வண்டி மலையடியில அலிபிரி தாண்டாதுடா. நீ திரும்பி வருவ. வரப்போ செருப்ப வாசல்ல உட்டுட்டு உள்ள வா."

ஷெட்டே சிரித்தது. எர்னஸ்டும் சிரித்துவிட்டுத்தான் வந்தான். ஆனால் அந்தச் செருப்பு அவன் மனதில் தைத்துவிட்டது. ராத்திரி கண்ணை மூடினால் அந்த வாசலும், வெறுங்காலோடு தான் நிற்பதும் தெரிந்தன. சாவைவிட அதற்குத்தான் பயந்தான்.

தபீதாள் மிஷன் பெண்கள் பள்ளியில் ஆசிரியை. இனி வீட்டில் அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில்தான். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டே ஒரு கெடு வைத்தாள்.

"அடுத்த அறுப்பின் பண்டிகைக்குள்ள அந்த வண்டி எங்கியும் நிக்காம மல ஏறணும். இல்லன்னா நீங்களே போய் மேஸ்திரி முன்னால நில்லுங்க. எனக்கு இஸ்கூலுக்கு நேரமாவுது."

வண்டியைக் கிளப்புவது கஷ்டமாக இல்லை. கோழிகளை விரட்டி, கார்புரேட்டரைக் கழுவி, பேட்டரி மாற்றினான். வி-எயிட் ஒரு இருமல் இருமிவிட்டுக் கிளம்பியது. அந்தச் சத்தத்துக்குக் காம்பவுண்டே வெளியில் வந்து நின்றது. சமதரையில் அருமையாக ஓடிற்று. சித்தூரிலிருந்து திருப்பதி வரைக்கும் நெய்யாக வழுக்கிக்கொண்டு போயிற்று. அலிபிரி வந்து, ஏற்றம் தொடங்கி, இரண்டாவது வளைவு திரும்பியதும் பானெட்டின் இரண்டு பக்கமும் ஆவி கிளம்பியது. ரேடியேட்டர் மூடி கொதித்துத் துள்ளியது.

இது ஃபிளாட்ஹெட் இன்ஜின். வால்வெல்லாம் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே, பிளாக் என்கிற இன்ஜின் உடம்புக்குள் படுத்திருக்கும். மேலே ஹெட் என்பது வெறும் தட்டை மூடி, அவ்வளவுதான். எரிந்த புகை பிளாக்குக்குள்ளேயே சுற்றிக்கொண்டு வெளியேறும் என்பதால் மற்ற இன்ஜினைவிட இதற்குச் சூடு அதிகம், தண்ணீர் ஓட்டம் ஒழுங்காக இருந்தே ஆக வேண்டும். இதெல்லாம் எர்னஸ்டுக்குத் தெரியும். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசிவை அடைக்கிற கேஸ்கெட் தகடு ஓட்டையாகியிருக்கும் என்று முடிவு கட்டினான். வண்டி 36-ம் வருட மாடல் என்று துரை வாய்க்கு வாய் சொல்லுவார். 36 மாடலுக்கு ஒரு ஹெட்டில் இருபத்தோரு போல்ட். பஸ் ஏறி மதராஸ் புதுப்பேட்டைக்குப் போய், பழைய சாமான் கடை வைத்திருந்த வேதாச்சலத்திடம் இருபத்தோரு போல்ட் கேஸ்கெட் ஒரு ஜோடி வாங்கி வந்தான். அது பொருந்தவில்லை.

மறுபடி பஸ் ஏறினான். கடை வாசலில் நின்று, ஏமாற்றுக்காரன், தன்னைக் கிழக்கத்தியான் என்று பார்த்துக் கண்டதை விற்கிறான் என்று கத்தினான். சித்தூர் புதுப்பேட்டைக்கு மேற்கே இருக்கிறது என்பது அந்தக் கோபத்தில் அவனுக்கு நினைவில்லை. வேதாச்சலம் மறுபேச்சில்லாமல் வேறொரு ஜோடி கொடுத்தார். அதுவும் இருபத்தோரு போல்ட்தான், அதுவும் பொருந்தவில்லை. மூன்றாம் முறை எர்னஸ்ட் கத்தத் தொடங்கியபோதுதான் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தலையில எத்தினி போல்ட்டுனு நீ எண்ணினியா, இல்ல துரை எண்ணிச் சொன்னாரா?"

எர்னஸ்டின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு ஃபிட்டரைப் பார்த்துப் போல்ட் எண்ணிவிட்டு வா என்பதைவிட வேறு அவமானம் உண்டா? ஊர் திரும்பியதும் யாரும் இல்லாத நேரம் பார்த்து எண்ணினான். இருபத்து நாலு. நம்பாமல் மறுபக்கத்து ஹெட்டையும் எண்ணினான். அதுவும் இருபத்து நாலுதான். தண்ணீர் வெளியேறுகிற குழாயும் ஹெட்டின் முன்பக்கத்தில் இல்லை, நட்டநடுவில் இருந்தது. தண்ணீர் பம்பு ஹெட்டில் இல்லாமல் கீழே பிளாக்கில் இருந்தது. இத்தனை மாதம் தினமும் தலையை விட்டுப் பார்த்த இன்ஜினை அன்றைக்குத்தான் பார்த்தான்.

மறுபடி புதுப்பேட்டைக்குப் போய் அவன் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்ட வேதாச்சலம் ஒரே நிமிஷத்தில் ஜாதகம் கணித்துவிட்டார். இது 36 மாடல் காருக்குள் குடிவந்த வேறு இன்ஜின். உலகச் சண்டை முடிந்த பிறகு மிலிட்டரிக்காரர்கள் ஏலத்தில் தள்ளிவிட்ட லாரியிலிருந்து பிடுங்கியது. காருடைய சொந்த இன்ஜின் எப்போதோ செத்திருக்க வேண்டும், யாரோ லாரி இன்ஜினைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். நல்ல இன்ஜின்தான், பலமும் அதிகம். ஆனால் அதற்கான கேஸ்கெட் இப்போது கையில் இல்லை, கிடைத்தால் பஸ்ஸில் போட்டுவிடுகிறேன் என்றார்.

எர்னஸ்டுக்குக் காத்திருக்கத் தெரியாது. பஸ் ஷெட்டில் கேஸ்கெட் இல்லையென்றால் என்ன செய்வார்கள்? பழையதை மாதிரியாக வைத்து, அதன்மேல் புதிய தகட்டைப் போட்டு, சுத்தியலால் ஓரம் தட்டித் தட்டி வெட்டி எடுப்பார்கள். மாதிரி எப்படியோ அப்படியே வர வேண்டும், ஒரு மயிரிழை மாறினாலும் மேஸ்திரியின் ஸ்பானர் முட்டிக்கு வரும். எர்னஸ்ட் அந்தப் பள்ளியில் படித்தவன். பழைய கேஸ்கெட்டைப் பக்குவமாகப் பிரித்து, துடைத்து, அதைப் பார்த்து அச்சு அசலாகப் புதுசு வெட்டினான். மேலே எது, கீழே எது என்று தெரிவதற்காக ஒரு மூலையில் சின்னதாக ஒரு வெட்டு இருந்தது. அதையும் விடாமல் வெட்டினான். உலகத்தில் எல்லாக் கேஸ்கெட்டுக்கும் மூலையில் வெட்டு இருக்கும் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

வண்டி முன்பு கொதித்த அதே வளைவில், அதே மாதிரி கொதித்தது.

அதற்குப் பிறகு எர்னஸ்ட் செய்யாத வைத்தியம் இல்லை. புளியைக் கரைத்து ரேடியேட்டருக்குள் ஊற்றி உப்பைக் கழுவினான். லாரி ரேடியேட்டர் ஒன்றை வாங்கி, முன் கிரில்லை அறுத்துப் பொருத்தினான். விசிறிக்கு இன்னும் இரண்டு இறக்கை வைத்தான். பெட்ரோல் பம்புமேல் ஈரச்சாக்கு சுற்றினான். பின்பக்கத்தில் துரை எழுதி வைத்திருந்த வேத வசனம் யாத்திரிகர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ என்று அதன்மேல் ஒரு துண்டைக்கூடத் தொங்கவிட்டான். ஏற்றத்தில் யாத்திரிகர்கள் கோவிந்தா சொல்லும்போது கூடவே சத்தமாகச் சொன்னான். அதைப் பற்றிப் பாஸ்டர் கூப்பிட்டு விசாரித்தபோது, இன்ஜினுக்காகச் சொன்னேன் என்று பதில் சொல்லிவிட்டு வந்தான். எதுவும் உதவவில்லை.

சத்தியவேடு பக்கத்திலிருந்து குழந்தைக்கு மொட்டை போட வந்த பாலையா என்பவர் குடும்பத்தோடு காரை அமர்த்தினார். வளைவில் ஆவி கிளம்பியதும் மாமியார், மருமகள், கைக்குழந்தை எல்லாரும் இறங்கிப் பாறைமேல் உட்கார்ந்தார்கள். பாலையாவின் மனைவி செங்கம்மா அந்தச் சுடுதண்ணியில் குழந்தைக்குப் பால் சூடு பண்ணட்டுமா என்று கபடமில்லாமல் கேட்டாள். அந்தக் கேள்வி அன்றைக்குச் சாயங்காலமே சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து அது எர்னஸ்ட் டாக்சி இல்லை, 'வெந்நீர் வண்டி'. மொட்டை போடுகிறவர்களுக்கு அதிலேயே வெந்நீர் கிடைக்கும் என்றார்கள். ஜெபதாஸ் மச்சான்கூட, குளிர்காலத்தில் ஞானஸ்நானத்துக்கு வண்டியைக் கோயில் வாசலில் நிறுத்தினால் உபயோகமாக இருக்கும் என்று யோசனை சொன்னார். ஏலத்தில் இந்த வண்டியை அவன் தலையில் கட்டிய மனுஷன் பேசுகிற பேச்சா இது?

டாக்சிக்கு வர ஆள் இல்லை. அறுப்பின் பண்டிகை நெருங்கியது. தபீதாள் கெடுவைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. காலையில் செருப்பை மாட்டும்போதெல்லாம் அந்த ஷெட் வாசல் நினைவுக்கு வந்தது.

அப்போதுதான் புதுப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே மிலிட்டரி காகிதத்தில் சுற்றிய, கம்பெனியிலேயே செய்த, இருபத்து நாலு போல்ட் கேஸ்கெட் ஒரு ஜோடி. எர்னஸ்ட் பெரிய நம்பிக்கை இல்லாமல் ஹெட்டைக் கழற்றினான். பழக்க தோஷத்தில் புதியதைப் பழைய மாதிரியின்மேல் வைத்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். புதியதில் பின்கோடியில் தண்ணீர் ஏறுவதற்கு வரிசையாகத் துளைகள் இருந்தன. மாதிரியில் அந்த இடம் முழுக்க மூடிக் கிடந்தது. பிளாக்கைப் பார்த்தான். அங்கேயும் துளைகள் இருந்தன. பம்பு தள்ளுகிற தண்ணீர் பிளாக்கிலிருந்து ஹெட்டுக்கு ஏற வேண்டிய வழி அதுதான். இத்தனை வருடமாகப் பின்பக்கத்துச் சிலிண்டர்களுக்குச் சரியான தண்ணீர் ஓட்டமே இல்லை. யாரோ கிழிந்துபோன லாரி கேஸ்கெட்டைப் பார்த்து வெட்டியிருக்கிறார்கள், கிழிந்த இடத்தில் துளை இருந்தது தெரியாமல் மூடிவிட்டார்கள். அந்தத் தப்பையும் எர்னஸ்ட் ஒரு மயிரிழை மாறாமல் வெட்டி வைத்திருந்தான்.

அப்புறம்தான் புதியதின் மூலையைப் பார்த்தான். அதில் வெட்டு இல்லை. கம்பெனிக்காரன் எதற்கு மூலையை வெட்டப் போகிறான்? மூலையில் வெட்டுகிற ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். வேறு யாராவது அப்படி வெட்டினால் அவரிடம் படித்தவர்களாகத்தான் இருப்பார்கள். அப்படியானால் மிஷன் மோட்டார் ஷெட்டில் இந்த இன்ஜினைத் தூக்கி வைத்தவர் நாகபூஷணம்தான்.

எர்னஸ்ட் ஷெட் தரையிலேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தான். வண்டி அலிபிரி தாண்டாது என்று மேஸ்திரி எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னார் என்பது விளங்கிவிட்டது. கொதிக்கும் என்று அவருக்குத் தெரியும், ஏன் கொதிக்கிறது என்பது மட்டும் தெரியாது. இனிமேல் அந்த வாசலுக்குப் போனால் செருப்போடுதான் போவது, பழைய கேஸ்கெட்டை அவர் டீ கிளாஸ் பக்கத்தில் வைத்து, மேஸ்திரி, இது யாரு வெட்டினது தெரியுமா என்று கேட்பது. இந்த ஒரு வரியை அவன் குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் சொல்லிச் சொல்லிப் பழகினான். தபீதாளுக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது.

ஆனால் அவன் போவதற்கு முன்பே மேஸ்திரி வந்தார். காம்பவுண்டு வாசலில் நின்று, தனக்கும் மனைவி வெங்கடலட்சுமிக்கும் மலைக்கு வண்டி வேண்டும் என்றார். ஊரே ஆச்சரியப்பட்டது. நாகபூஷணம் வருடா வருடம் மலைக்குப் போகிறவர்தான், ஆனால் எப்போதும் அலிபிரியிலிருந்து படியேறித்தான் போவார். சொந்தக் கம்பெனி பஸ்ஸைக்கூடத் தொடமாட்டார். அவ்வளவு பக்தி என்று எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். இப்போது மனைவிக்கு முட்டி வலியாம், படியேற முடியவில்லையாம். அது உண்மைதான், ஆனால் வேறு வண்டி கிடைக்காமலா வெந்நீர் வண்டிக்கு வந்தார்? அவர் போட்ட நிபந்தனையில் விஷயம் வெளிவந்தது. வழியில் தண்ணீர் ஊற்ற வண்டி நின்றால், மறுநாள் காலை எர்னஸ்ட் ஷெட்டுக்கு வந்து, அத்தனை பேர் முன்னாலும் அதைச் சொல்லிவிட்டு வேலையில் சேர வேண்டும். எர்னஸ்ட் உடனே ஒத்துக்கொண்டான். பழைய கேஸ்கெட்டை முன்சீட்டுக்கு அடியில் வைத்தான். புதியதைப் போட்ட பிறகு வண்டியை இன்னும் மலைக்கு எடுத்துப் போய்ப் பார்க்கவில்லை என்பதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

மேஸ்திரி முன்சீட்டில் உட்கார்ந்தார். வெங்கடலட்சுமி பின்னால்.  அலிபிரியில் ஏற்றம் தொடங்கியது. எர்னஸ்ட் ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. மேஸ்திரி மலையையும் பார்க்கவில்லை, பள்ளத்தையும் பார்க்கவில்லை. ரேடியேட்டர் மூடியையே பார்த்துக்கொண்டு வந்தார். முதல் வளைவு போயிற்று. இரண்டாவது வளைவில் எர்னஸ்ட் கோவிந்தாவையும் கர்த்தரையும் சேர்த்தே கூப்பிட்டான். வண்டி உறுமிக்கொண்டு திரும்பியது. ஆவி வரவில்லை. மூடி அசையவில்லை.

வளைவு தாண்டியதும் பின்னாலிருந்து வெங்கடலட்சுமி பேசத் தொடங்கினாள். அந்த அம்மாளுக்கு இந்த இடம் நன்றாக நினைவிருந்தது. கல்யாணமான புதிதில் இதே காரில் வந்திருக்கிறாளாம். புது இன்ஜின் போட்டாயிற்று என்று துரை பெரிய மனிதர்கள் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மலைக்குக் கிளம்பினார். இன்ஜின் போட்ட பெருமையில் மேஸ்திரி புதுப் பெண்டாட்டியையும் கூட்டி வந்தார். இந்த வளைவில் வண்டி கொதித்து நின்றது. துரை அத்தனை யாத்திரிகர்கள் முன்னாலும் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினார். கீழேயிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து வரச் சொன்னார். போய்ப் போய்ச் சுமந்தார். ஊற்ற ஊற்றக் கொதித்தது. கடைசியில் துரை, இனிமேல் வேலைக்கு வர வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

"என் முன்னாலயே சொன்னாங்கப்பா," என்றாள். "அப்பலேர்ந்து இந்த ரோட்டுல காலே வெக்கல இந்த மனுசன். படியிலயேதான் போவாரு. எல்லாரும் பக்தின்னு நெனச்சிக்கினு இருக்காங்க."

மேஸ்திரி திரும்பி, சும்மா இருக்கச் சொல்லி மனைவியைத் தெலுங்கில் அதட்டினார். குரலில் அதட்டல் இல்லை. காது மடல் சிவந்திருந்தது. எர்னஸ்ட் அவரை அப்படிப் பார்த்ததே கிடையாது. முட்டியில் தட்டிய கை மடியில் சும்மா கிடந்தது. எர்னஸ்டுக்கு மனசு என்னவோ போலாகிவிட்டது. இத்தனை நாள் இந்த மனிதர்மேல் வைத்திருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தான், கைக்கு அகப்படவில்லை. அதைவிட எரிச்சல் வேறு என்ன இருக்க முடியும்?

வண்டி ஒரு இடத்திலும் நிற்காமல் மலைமேல் போய்ச் சேர்ந்தது. எர்னஸ்ட் இன்ஜினை நிறுத்தினான். மேஸ்திரி இறங்கிப் போய் ரேடியேட்டரின்மேல் கையை வைத்துப் பார்த்தார். சூடுதான், ஆனால் கை வைக்கிற சூடு. அவர் நெடுநேரம் கையை எடுக்கவில்லை.

"ஏம் சேசாவுரா?" என்றார். "இன்னாடா பண்ண வண்டிய?"

இந்தக் கேள்விக்காகத்தான் எர்னஸ்ட் இத்தனை நாள் காத்திருந்தான். பதில் சீட்டுக்கு அடியிலேயே இருந்தது, குனிந்து எடுக்க வேண்டியதுதான் பாக்கி. வெங்கடலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் பண்ணல மேஸ்திரி," என்றான். "பிளாக்குக்குள்ள தண்ணி போற வழி பூரா துரு அடச்சிக்கினு கெடந்திச்சி. சொரண்டி எடுத்தேன். அவ்ளோதான்."

மேஸ்திரியின் முகம் மாறியதை எர்னஸ்ட் கண்ணால் பார்த்தான். இருபது வருடத்து முடிச்சு ஒன்று அவிழ்ந்த மாதிரி தோள் இரண்டும் இறங்கின. அவ்வளவு நேரம்தான். மறு நிமிஷம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மனைவி பக்கம் திரும்பி, துருதான் என்று தான் அப்போதே துரையிடம் தலையில் அடித்துக்கொண்டு சொன்னதாகவும், அந்த வெள்ளைக்காரன்தான் கேட்கவில்லை என்றும் ஆரம்பித்துவிட்டார். தரிசனத்துக்குப் போகும்வரை அதையே சொல்லிக்கொண்டு போனார்.

எர்னஸ்ட் ஷெட் வாசலில் நிற்க வேண்டி வரவில்லை. மேஸ்திரியே ஏறிப் போன டாக்சி என்பதால் வெந்நீர் வண்டி என்ற பெயரும் போயிற்று. அறுப்பின் பண்டிகைக்கு முன்பே வண்டிக்கு வேலை குவிந்துவிட்டது. ஆனால் அவன் சொன்ன பொய்க்கு வட்டி கட்ட வேண்டியிருந்தது. சித்தூரில் எந்த டீக்கடைக்குப் போனாலும், அந்த அமெரிக்க இன்ஜினின் நோயை முதலில் கண்டுபிடித்தது நாகபூஷணம் மேஸ்திரிதான், எர்னஸ்ட் வெறுமனே சுரண்டினான் என்றார்கள். எர்னஸ்டுக்கு அது டீயோடு சேர்ந்து கசந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். திறந்ததே வாழ்க்கையாக இருந்த வாயை அவன் மூடி வைத்திருந்தான். அவனைத் தெரிந்தவர்கள் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

சில வருடம் கழித்து மேஸ்திரி ஓய்வு பெற்றபோது பஸ் ஷெட்டில் பந்தல் போட்டு விழா எடுத்தார்கள். எர்னஸ்டும் தபீதாளும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மேஸ்திரி மாலையோடு மைக்கைப் பிடித்து, துரையின் காரைப் பற்றியும் துருவைப் பற்றியும் விலாவாரியாகச் சொன்னார். தன்னிடம் வேலை கற்றவன் என்பதால்தான் எர்னஸ்டால் அதைச் சரிசெய்ய முடிந்தது என்றும் பெருந்தன்மையோடு சேர்த்துக்கொண்டார். எர்னஸ்ட் கை தட்டினான். தபீதாளுக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கேஸ்கெட் விஷயம் முழுக்க அவளுக்குத் தெரியும். இத்தனை பேர் முன்னால் இப்படிப் பேச விட்டுவிட்டு, ஏன் வாயில்லாப் பூச்சி மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று காதோரம் சீறினாள்.

"அந்த ரோட்டுல வரவே முடியாம, இத்தினி வருசம் படியேறிக்கினு இருந்த மனுசன் தபீதா," என்றான் எர்னஸ்ட், கையைத் தட்டிக்கொண்டே. "இப்ப வருசா வருசம் பொண்டாட்டியோட நம்ம வண்டியிலதான் வர்றாரு. இன்னாத்துக்கு எறக்கி உடணும்?"

 மேடையில் மேஸ்திரி துருவை இரண்டாம் முறையாக விளக்கத் தொடங்கியிருந்தார். தபீதாள் கைப்பையை மடியில் வைத்துவிட்டு, அவனோடு சேர்ந்து கை தட்டினாள்.